பின் சீற் ஆம்ரெஸ்ட் முறிந்துவிட்டது, இரண்டு முறை ஒட்டியும் நிற்கவில்லை

கோண்டாவில் கரீனா
ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998 ஆம் ஆண்டு டொயோட்டா கரீனா 212. எஞ்சின், கியர்பெட்டி எல்லாம் நன்றாக இருக்கின்றன. பிரச்சினை பின் சீற்றின் நடுவில் மடித்து இறக்கும் ஆம்ரெஸ்ட்டில்தான்.

சின்ன விடயம் என்று விட்டுவிடலாம், ஆனால் அம்மாவுக்கு அது சின்ன விடயம் இல்லை. 78 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மாதத்தில் இரண்டு தடவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். எப்போதும் பின்னால் இடது பக்கம்தான் இருப்பார். வலது கையை ஆம்ரெஸ்ட்டில் ஊன்றிக்கொண்டால் வளைவுகளில் உடம்பு சாயாது. அது இல்லாமல் போனதிலிருந்து முன் சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு வருகிறார். பார்க்க மனம் கேட்கவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னர் ஒருநாள் இறக்கும்போது டக் என்று சத்தம் கேட்டது. இடது பக்கம் தொங்கிவிட்டது. உறையின் சிப்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே கறுப்புப் பிளாஸ்ரிக் சட்டம். இரண்டு பக்கமும் சுழலும் முளை போகிற ஓட்டையைச் சுற்றி ஒரு காது மாதிரி இருக்கிறது. இடது காது வெடித்திருந்தது. முதலில் சுப்பர் குளூ விட்டு மேலே அப்பச்சோடா தூவி ஒட்டினேன். கல் மாதிரி இறுகியது, ஒரு கிழமை நின்றது. அடுத்தது அரல்டைட் பூசி ஒருநாள் முழுக்கக் காயவிட்டுப் பூட்டினேன். 12 நாள். இந்த முறை வெடிப்பு முன்பைவிட நீளமாகப் போய்விட்டது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய பார்ட்ஸ் விற்கும் இடத்தில் கழற்றிய ஆம்ரெஸ்ட் ஒன்று இருக்கிறதாம், இரவு பஸ்ஸில் போட்டுவிடலாம் என்றார்கள். அது சாம்பல் நிறம், என்னுடைய சீற் மண்ணிறம். அதுவும் இவ்வளவு பழையதுதானே. எந்தப் பசை பிடிக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம் பார்ட்ஸ்
ஞாயிறு, இரவு 9.45

பசையைக் கேட்பதற்கு முதல் அது என்ன பிளாஸ்ரிக் என்று பாருங்கள். சட்டத்தின் உட்பக்கத்தில் சின்ன எழுத்தில் வார்த்திருப்பார்கள். பி.பி. என்று இருந்தால் அது பொலிபுரொப்பிலீன். அதில் சுப்பர் குளூவும் பிடிக்காது, அரல்டைட்டும் பிடிக்காது, இரண்டும் தோலாகக் கழன்று வரும். சோல்டரிங் அயனால் உருக்கித்தான் சேர்க்க வேண்டும். ஏ.பி.எஸ். என்று இருந்தால் ஒட்டலாம்.

எழுத்துத் தெரியாவிட்டால் பிளேட்டால் ஒரு துருவல் சீவி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டு விரலால் அமிழ்த்திவிடுங்கள். பி.பி. மேலே வந்து மிதக்கும், ஏ.பி.எஸ். தாழும். சில கொம்பனிகள் பி.பி.யில் மாக்கல் தூள் கலந்து வார்ப்பதால் அதுவும் தாழலாம். அதனால் எழுத்து இருந்தால் எழுத்தையே நம்புங்கள்.

கோண்டாவில் கரீனா
ஞாயிறு, இரவு 10.30

ரோச் அடித்துத் தேடினேன். ஏ.பி.எஸ். என்று தெளிவாக இருக்கிறது. துருவலும் தாழ்ந்தது. அப்படியென்றால் பசை பிடித்திருக்க வேண்டுமே?

நெல்லியடி லேத்
திங்கள், காலை 6.20

பிடித்துத்தான் இருக்கும் தம்பி. பசை விட்டதா, பசைக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் வெடித்ததா என்று வடிவாகப் பாருங்கள். வெடிப்பு நீண்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பிளாஸ்ரிக்தான் போயிருக்கிறது. இத்தனை வருட வெயில் பட்ட பிளாஸ்ரிக் முறுகிப்போயிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். ஆம்ரெஸ்ட்டின் நீளம் ஏறக்குறைய 40 சென்ரிமீற்றர். நுனியில் ஒருவர் 30 கிலோ அளவுக்கு அழுத்துகிறார் என்று வைப்போம். காருக்குள் இருந்து எழும்பும்போது கையை ஊன்றினால் அவ்வளவு வந்துவிடும். அந்தத் திருப்பத்தை முளைக்குப் பக்கத்தில் 4 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிற பிளாஸ்ரிக் தாங்க வேண்டும் என்றால் அதன்மேல் 300 கிலோ இறங்கும். எந்தப் பசையைப் பூசினாலும் அந்த இடம் நிற்காது. சுமையைப் பரப்ப வேண்டும்.

நான் செய்வதென்றால் இப்படிச் செய்வேன். வெடிப்பு முடிகிற நுனியில் 2 மில்லிமீற்றர் துளை ஒன்று போடுவேன். வெடிப்பு அந்த வட்டத்தில் நின்றுவிடும், மேலே ஓடாது. பிறகு 25 மில்லிமீற்றர் அகலமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் உள்ள தட்டை இரும்பைக் காதின் வளைவுக்கு வளைத்து, சட்டத்தின் உட்பக்கமாக ஒரு சாண் நீளத்துக்கு ஓட விடுவேன். நான்கு 5 மில்லிமீற்றர் போல்ட், பெரிய வாஷர், நைலோன் பிடித்த நட். ஸ்குரூவால் முறுக்க வேண்டாம், அது பிளாஸ்ரிக்கைப் பிளக்கும். முளை போகிற ஓட்டையையும் பெருப்பித்து நைலோனில் ஒரு புஷ் (முளையைச் சுற்றி இருக்கும் வளையம்) கடைந்து போட்டால் சத்தமும் வராது, எண்ணெயும் தேவைப்படாது. எண்ணெய் விட்டால் சீற் துணியில் ஊறிக் கறை பிடிக்கும்.

புஷ் கடைவது கால் மணித்தியால வேலை. உங்கள் பக்கத்தில் எந்த லேத்திலும் செய்வார்கள். முளையையும் கையோடு கொண்டு போங்கள். அளவைச் சொல்லிச் செய்விப்பதைவிடப் பொருளைக் கொடுத்துச் செய்விப்பது நல்லது.

சாவகச்சேரி வான்காரர்
திங்கள், காலை 8.05

ஏன் இவ்வளவு பாடு? இரண்டு பக்கமும் இரும்புத் துண்டு வைத்துச் சீற் பிரேமோடு காருக்குள்ளேயே வெல்ட் அடித்துவிடலாம். நான் என் வானின் சீற்றை அப்படித்தான் செய்தேன். பத்து நிமிட வேலை.

நெல்லியடி லேத்
திங்கள், காலை 8.40

அண்ணை, தயவுசெய்து இதை யாரும் செய்ய வேண்டாம். ஜப்பான் கார் பலவற்றில் பெற்றோல் தாங்கி பின் சீற்றுக்கு நேர் கீழேதான் இருக்கிறது. மெத்தையைத் தூக்கினால் பம்ப் மூடி தெரியும். அதற்கு மேலே பொறி பறக்க விடுவதா? இன்னொன்று, சீற் ஸ்பொஞ்ச் பொலியூரித்தேன். அது எரிந்தால் வருகிற புகையில் சயனைட் வாயு இருக்கும். மூடிய காருக்குள் அதைச் சுவாசித்தால் வெளியே வர நேரம் கிடைக்காது. வெல்ட் தேவைப்பட்டால் சீற்றைக் கழற்றி, உறையையும் ஸ்பொஞ்சையும் உரித்து, முற்றத்தில் வைத்துச் செய்ய வேண்டும்.

சாவகச்சேரி வான்காரர்
திங்கள், காலை 9.15

தாங்கி விடயம் சரி, என்னுடைய வானுக்கு அது வேறு இடத்தில் இருந்தது. காருக்கு நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் இரும்புதான் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை.

மொரிஸ் மாஸ்ரர்
திங்கள், மாலை 4.50

தம்பிமார் எழுதியதை எல்லாம் வாசித்தேன். நான் இளைப்பாறிய ஆசிரியர், மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரு மொரிஸ் மைனரை நாற்பது வருடத்துக்கு மேலாக என் கையால் பார்த்து வருகிறேன். 1990 இல் போரின்போது யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்த பிறகு இங்கே பெற்றோல் சொட்டுக் கணக்கில்தான் கிடைத்தது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். சாமான் வராது. சீற் ஸ்பிரிங் உடைந்தபோது தென்னந்தும்பை அடைத்துச் சாக்குத் தைத்து இருந்தோம். கண்ணாடி இறக்கும் கைப்பிடி முறிந்தபோது சைக்கிள் இரும்பில் ஒன்று செய்தோம். அந்தக் காலத்தில் எனக்கு வேலை பழக்கிய கராஜ்காரர் ஒருவர், முறிந்த துண்டைக் கொண்டுபோனால் அதைக் கையில்கூட வாங்க மாட்டார். முதலில் காரைக் கொண்டுவரச் சொல்வார். அந்தத் துண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்ன, அது தன் வேலையைச் செய்கிறதா என்று பார்த்த பிறகுதான் துண்டைத் தொடுவார்.

அதனால் கேட்கிறேன். இத்தனை வருடமும் முறியாத காது இப்போது ஏன் முறிந்தது? ஆம்ரெஸ்ட்டை இறக்கும்போது அது எதில் போய் நிற்கிறது? கீழ் மெத்தையில் படிகிறதா? முளைக்குப் பக்கத்தில் இரும்புத் தடை ஏதும் இருக்கிறதா? அல்லது வார் இருக்கிறதா? வலது காது முறியாமல் இருப்பதால் அந்தப் பக்கத்தைக் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள்.

கோண்டாவில் கரீனா
திங்கள், இரவு 8.30

மாஸ்ரர், உங்கள் கேள்வியோடு ரோச்சை எடுத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் காருக்குள் இருந்தேன். மெத்தையில் படியவில்லை, மூன்று விரல் இடைவெளி இருக்கிறது. இரும்புத் தடை இல்லை. ஆம்ரெஸ்ட் மடங்கிப் போகிற குழியின் பின்சுவரில் துணி ஒன்று தொங்குகிறது, அதைத் தூக்கிப் பார்த்தேன். சுவரில் ஒரு இரும்புத் தகடும் அதன் கீழே இரண்டு விரல் அகலத்தில் நைலோன் வாரின் மிச்சமும் இருக்கின்றன. கத்தரிக்கோலால் நேராக வெட்டிய மாதிரி இருக்கிறது. ஆம்ரெஸ்ட்டின் மேற்பக்கத்தில், முளையிலிருந்து கொஞ்சம் தள்ளி, அதே அகலத்தில் இன்னொரு தகடு. அதில் வார் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னர் ஓர் இடத்தில் கொடுத்து எல்லாச் சீற்றுக்கும் புது உறை போட்டேன். அதற்கு முதல் இந்த வார் இருந்ததா என்று எனக்கு நினைவில்லை. ஆனால் முன்பெல்லாம் இறக்கினால் மெத்தென்று ஓர் இடத்தில் நிற்கும். பிறகு அந்த நிற்பு இருக்கவில்லை. புது உறை இறுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மானிப்பாய் குஷன்
திங்கள், இரவு 9.20

இது எங்கள் தொழில், அதனால் வெட்கத்தோடு எழுதுகிறேன். வாரை வெட்டியது குஷன் வேலை செய்தவர்தான். பழைய உறையை உரிக்கும்போது வார் குறுக்கே நிற்கும். தகட்டின் ஸ்குரூவைக் கழற்றினால் வெட்டாமலே எடுக்கலாம், ஆனால் கை எட்டாத இடம். அவசரத்தில் வெட்டிவிடுவார்கள். புது உறை போட்டதும் மேலே துணி மூடிவிடும், பார்ப்பவருக்குத் தெரியாது. வார் எதற்கு என்று தெரிந்தவர் வெட்ட மாட்டார்.

அந்த வார்தான் ஆம்ரெஸ்ட்டைப் பிடித்து நிறுத்துகிறது. குழியின் சுவரிலிருந்து சரிவாக இறங்கி ஆம்ரெஸ்ட்டின் மேற்பக்கத்தைப் பிடிக்கும். நெல்லியடி அண்ணை சொன்ன சுமையில் பெரும் பங்கு அதில்தான் போக வேண்டும். அது இல்லாததால் மூன்று வருடமும் காதுதான் தாங்கியிருக்கிறது.

புது வாருக்குப் பை தைக்கும் நைலோன் பட்டி வாங்காதீர்கள், அது இழுபடும். கழித்த காரின் சீற் பெல்ட் ஒன்றை எடுங்கள். அந்தப் பட்டி இரண்டு தொன்னுக்கு மேல் தாங்கும், இழுபடுவதும் குறைவு. வெட்டிய விளிம்பை மெழுகுதிரியில் உருக்கிவிடுங்கள். தைப்பதற்குச் சட்டைத் தையல் இயந்திரம் போதாது, நூலும் தாங்காது. செருப்புத் தைப்பவர் பாவிக்கிற தடித்த நைலோன் நூலால் சதுரம் போட்டு உள்ளே குறுக்காகவும் தைக்க வேண்டும். நூலை நம்பாமல் பட்டியைத் தகட்டைச் சுற்றி மடித்துவிட்டுத் தையுங்கள்.

உறையைக் கழற்றும்போது கம்பி வளையங்களைக் குறட்டால் வெட்டி எடுங்கள், இழுத்தால் ஸ்பொஞ்ச் கிழியும். திரும்பப் போட வளையக் கம்பி இல்லாவிட்டால் கேபிள் ரை போடலாம், வாலை அடியோடு வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கையில் கீறும்.

நெல்லியடி லேத்
திங்கள், இரவு 10.00

மாஸ்ரர் கேட்டதை நான் கேட்டிருக்க வேண்டும். வார் வந்தால் கணக்கு மாறும். முளையிலிருந்து 12 சென்ரிமீற்றர் முன்னால் ஒரு தகடு, 12 சென்ரிமீற்றர் மேலே ஒரு தகடு என்றால் வார் 17 சென்ரிமீற்றர் நீளத்தில் சரிவாக நிற்கும். நுனியில் அதே 30 கிலோவுக்கு வாரில் 140 கிலோ அளவுதான் இழுவை. அதுவும் பட்டியில், பிளாஸ்ரிக்கில் இல்லை. முளையிலும் எதிர்ச்சுமை வரும், அதனால் தட்டை இரும்பையும் விட வேண்டாம். இரண்டையும் செய்யுங்கள்.

ஸ்காபரோ
செவ்வாய், காலை 5.15

தம்பி, நான் இங்கே பழைய கார் கழிக்கும் இடங்கள் நான்கில் கேட்டேன். இந்த வகைக் கரீனா கனடாவுக்கு வரவில்லை, ஒன்றும் கிடைக்காது. என் மகனிடம் முப்பரிமாணப் பிரின்டர் இருக்கிறது. காதை அளந்து படம் அனுப்பினால் அச்சடித்துப் போடுவான். சொல்லுங்கள், உடனே செய்கிறோம். உங்கள் அம்மாவின் கதையை வாசித்துவிட்டு என் அம்மாவைத்தான் நினைத்தேன்.

சுன்னாகம் பார்ட்ஸ்
செவ்வாய், காலை 7.00

அண்ணை, நல்ல மனது. ஆனால் எந்தப் பிளாஸ்ரிக்கில் அச்சடிப்பார் என்று கேளுங்கள். வழமையான பி.எல்.ஏ. 60 பாகை அளவில் இளகத் தொடங்கிவிடும். இங்கே சித்திரை வெயிலில் கண்ணாடி பூட்டி நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு வரும். இதே காரணத்தால்தான் சூட்டுப் பசைத் துப்பாக்கியும் காருக்குள் வேலைக்கு ஆகாது. ஏ.பி.எஸ்.ஸில் அடித்தால் பரவாயில்லை.

கோண்டாவில் கரீனா
செவ்வாய், இரவு 9.00

ஸ்காபரோ அண்ணை, கேட்டதே போதும், மகனுக்கும் நன்றி சொல்லுங்கள். இரும்பிலேயே செய்கிறேன். சனிக்கிழமை சீற்றைக் கழற்றப் போகிறேன். முன்னர் கழற்றியதில்லை. கவனிக்க வேண்டியது என்ன?

சுன்னாகம் பார்ட்ஸ்
செவ்வாய், இரவு 9.30

இந்த வகைக் காரில் கீழ் மெத்தைக்குப் போல்ட் இருக்காது. முன் விளிம்பில் இரண்டு இடத்தில் கம்பி பிளாஸ்ரிக் கிளிப்புக்குள் மாட்டியிருக்கும். அந்த இடத்துக்கு நேரே கையைக் கீழே விட்டு மேலே ஓர் இழுப்பு. நடுவில் பிடித்து இழுத்தால் கம்பி வளையும். மெத்தை வந்ததும் முதுகுப்பக்கத்தின் அடியில் போல்ட்டுகள் தெரியும், 12 ஆம் நம்பர் ஸ்பனர். அவற்றைக் கழற்றி முதுகை நேரே மேலே தூக்குங்கள், மேலே கொழுக்கியில் மாட்டியிருக்கும்.

திரும்பப் பூட்டும்போது சீற் பெல்ட்டின் பூட்டுகள் எல்லாம் மேலே வந்திருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். ஒன்று மெத்தைக்கு அடியில் போய்விட்டால் அதில் இருப்பவர் பெல்ட் போட முடியாது.

கோண்டாவில் கரீனா
ஞாயிறு, மாலை 6.40

செய்து முடித்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இதே கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும்.

கீழ் மெத்தை இரண்டாவது இழுப்பில் வந்தது. அடியில் இருந்தவை: பழைய இரண்டு ரூபாக் குற்றிகள், என் மகளின் சிலேற் பென்சில், வைத்தியசாலை இலக்கத் துண்டு ஒன்று, அம்மாவின் ஒற்றைத் தோட்டுச் சுரை. போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் வந்த அன்று தொலைந்தது அந்தச் சுரை. கோயில் மணலில் விழுந்துவிட்டது என்று அம்மா எவ்வளவோ கவலைப்பட்டவர். வேலையை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முதுகுப் போல்ட்டுகளில் ஒன்று துரு பிடித்து அசையவில்லை. டீசல் விட்டு அரை மணித்தியாலம் பொறுத்த பிறகு திரும்பியது. ஆம்ரெஸ்ட்டைக் கழற்றி உறையை உரித்தேன். வலது காதிலும் மயிரிழையாக ஒரு வெடிப்பு இருந்தது, வெளியே தெரியவில்லை. இடது பக்கம் மட்டும் செய்திருந்தால் அடுத்த மாதம் திரும்பவும் கழற்றியிருப்பேன். இரண்டு பக்கமும் துளை போட்டு, இரண்டு பக்கமும் தட்டை இரும்பு வைத்தேன். இரும்பை வளைக்கப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் உதவினார்கள். துரு பிடிக்காமல் இருக்கச் சிவப்புப் பெயின்ற் பூசிக் காயவிட்டேன். நைலோன் புஷ் இரண்டும் லேத்தில் முளையைக் கொடுத்தே கடைவித்தேன். விரலால் சுழற்றினால் சத்தமே இல்லை.

வார் விடயத்தில் ஒரு தவறு விட்டேன். தகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை ஆம்ரெஸ்ட் தொங்கிய நிலையில் அளந்து தைத்தேன். பூட்டிப் பார்த்தால் நுனி கீழே சாய்ந்து நின்றது. மெத்தையில் ஒரு தலையணையை வைத்து, அம்மாவை இருக்கச் சொல்லி, கைக்கு வசதியான உயரத்தில் ஆம்ரெஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு மறுபடி அளந்தேன். 16 சென்ரிமீற்றர். தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன். செய்பவர்கள் இருப்பவரை வைத்தே அளவெடுங்கள்.

எழும்பும்போது இதை ஊன்ற வேண்டாம், கதவுக்கு மேலே இருக்கிற கைப்பிடியைப் பிடியுங்கள் என்று அம்மாவுக்குச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்கும் அதில் ஏறி இருக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று.

மானிப்பாய் குஷன்
ஞாயிறு, இரவு 7.30

பெரிய சந்தோசம். இருப்பவரை வைத்து அளப்பது எங்களுக்கே பல பேருக்குத் தோன்றாது. நாளைக்கு என் பட்டறையில் பெடியளுக்கு இந்த வாரைக் காட்டிச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

அச்சுவேலி சில்ஃபி
ஞாயிறு, இரவு 8.15

இடையில் ஒரு கேள்வி. என்னுடையது நிசான் புளூபேர்ட் சில்ஃபி. ஆம்ரெஸ்ட் முறியவில்லை, ஆனால் மேலே தூக்கி வைத்தால் நிற்காமல் பள்ளத்தில் தானாக விழுகிறது. இதற்கும் வார்தான் காரணமா?

நெல்லியடி லேத்
ஞாயிறு, இரவு 8.50

இல்லை. அது மேலே நிற்பது முளையில் இருக்கிற உராய்வாலும் பக்கத்து ஸ்பொஞ்ச் நெருக்குவதாலும். வாஷர் தேய்ந்திருக்கும், அல்லது பக்க ஸ்பொஞ்ச் அமுங்கியிருக்கும். முளைக்கு ஒரு நைலோன் வாஷர் கூடுதலாகப் போட்டுப் பாருங்கள். அதிலும் நிற்காவிட்டால் குழியின் இரண்டு பக்கத்து உறைக்குள்ளும் விரல் தடிப்பில் ஸ்பொஞ்ச் செருகுங்கள்.

மொரிஸ் மாஸ்ரர்
திங்கள், காலை 6.00

கரீனாத் தம்பி, புதிதாகப் போட்ட நட்டுகளை ஒரு மாதம் ஓடிய பிறகு ஒருக்கா இறுக்கிப் பாருங்கள். பிளாஸ்ரிக்கின் மேல் இருக்கிற வாஷர் கொஞ்சம் பதியும், நட் தளரும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கோண்டாவில் கரீனா
ஐந்து கிழமைக்குப் பிறகு, சனி, மாலை 5.20

மாஸ்ரர், இன்றைக்கு உறையின் சிப்பைத் திறந்து பார்த்தேன். எட்டு நட்டில் மூன்று தளர்ந்திருந்தன, இடது பக்கத்தில் இரண்டு, வலதில் ஒன்று. கால் சுற்றுக் கூடுதலாக இறுக்கினேன். துளைக்கு அப்பால் வெடிப்பு ஓடவில்லை. வார் அதே 16 சென்ரிமீற்றரில் நிற்கிறது. கிளினிக்குக்கு மூன்று தடவை போய் வந்துவிட்டோம். நேற்றுத் திரும்பி வரும்போது அம்மா ஆம்ரெஸ்ட்டில் கையை வைத்தபடியே நித்திரையாகிவிட்டார், கோண்டாவில் சந்தி வளைவிலும் எழும்பவில்லை.